மஞ்சள் பூசிய தண்டவாளம்

சம்பங்கிக்குத் தன் சகலை காத்தவராயனைக் கண்டால் வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. தங்கவயலில் ஊரிகம் கூலி லைன் முழுக்கத் தெரிந்த சங்கதி அது; காத்தவராயனுக்கு மட்டும் தெரியாது. அக்காள் கங்கம்மாவைக் கட்டியவன் சம்பங்கி, தங்கை பார்வதம்மாவைக் கட்டியவன் காத்தவராயன். இரண்டு குடித்தனமும் பக்கத்துப் பக்கத்து வீடு. வீடென்றால் மூங்கில் தட்டியில் மண்ணும் சாணியும் அப்பி நிறுத்திய ஓர் அறை. நடுவில் இருப்பது ஒரே தட்டி. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

காத்தவராயனை வேலூர்ப் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குக் கூட்டி வந்ததே சம்பங்கிதான். வந்த புதிதில் அவன் கல் ஏற்றிய ட்ரக்கைத் தள்ளிக்கொண்டிருந்தான். சம்பங்கி அதற்குள் சுரங்கத்தின் அடியில் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலையில் பத்து வருஷத்தைக் கழித்துவிட்டு, மேலே பட்டறையில் தச்சனாக உட்கார்ந்திருந்தான். கை சுத்தம், கண் சுத்தம். அவன் இழைத்த பலகையில் விரல் வைத்தால் வழுக்கும். சகலைக்கு நாலு பேர் முன்னால் புத்தி சொல்லவும் அவனுக்கு அப்போது பிடித்திருந்தது.

அப்புறம் காவேரியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்தது. கம்பம் நட ஆள் கேட்டார்கள். காத்தவராயன் போனான். "கூலியா கம்பத்துல ஏறனான், எறங்கச்சொல்ல ஒயர்மேனா எறங்கிட்டான்" என்று சம்பங்கி சிரித்தபடியே எல்லோரிடமும் சொல்வான். சிரிப்பது உதடு மட்டும்தான். சுரங்கத்தில் பத்து வருஷம் முதுகொடிந்து வாங்கிய மரியாதையை இவன் பத்து மாசத்தில் வாங்கிவிட்டான் என்பதை அவனால் விழுங்க முடியவில்லை.

மறு வருஷம் ஆடி மாசத்தில் பட்டறை துரை இருவரையும் ஆபீசு வாசலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். துரை இங்கிலீஷில் பேசப் பேச, ரைட்டர் சுந்தரராஜ் தமிழில் சொன்னார்.

"சுரங்கத்து ஷாஃப்ட்டு வாயிலேர்ந்து கல்லு இடிக்கிற மில்லு வரைக்கும் இப்ப ஆளுங்க ட்ரக்கு தள்றாங்க இல்ல? அத்த கரெண்டு வண்டி வச்சி இழுக்கலாம்னு தொரை நெனைக்கிறாரு. மேல ஒரு கம்பி போவும். வண்டி தலைல ஒரு கோலு இருக்கும். அந்தக் கோலு கம்பியத் தொட்டுக்கினே போவும், வண்டி ஓடும். தசராவுக்கு சீமைலேர்ந்து பெரிய தொரைங்க வராங்க. அவங்களுக்குக் காட்ட சின்னதா ஒன்னு செய்யணும். மல, ஷாஃப்ட்டு, மில்லு, ரெயிலு எல்லாம் ஒரு மேஜ மேல."

"ஓடணுமா, சும்மா நின்னா போதுமா?" என்று கேட்டான் சம்பங்கி.

"ஓடணும். அவங்க பாத்து சரின்னுட்டா நெஜ லைனு போடுவாங்க. அதுக்கு ஒரு மேஸ்திரி வேணும். அது உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்னு சொல்றாரு. மேஸ்திரிக்குக் கல்லு வூடு, தெரிஞ்சிக்கோங்க."

கல் வீடு என்ற சொல் சம்பங்கியின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. கல் சுவர் என்றால் பக்கத்து வீட்டுச் சிரிப்பு கேட்காது.

பன்னிரண்டு அடி நீளத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டு மேஜை செய்தான். கோணிச்சாக்கைக் கஞ்சிப் பசையில் முக்கி, மரக்கூட்டின் மேல் போர்த்தி மலையாக்கினான். தங்கம் பிரித்தெடுத்தபின் மில்லுக்குப் பின்னால் குவித்திருக்கும் சயனைடு மண்ணை அள்ளி வந்து மேலே தூவினான். அசல் ஊரிகத்து மேடுதான். துடைப்பக் குச்சியைப் பின்னி லைன் வீடுகளுக்குத் தட்டி வைத்தான். நூல் உருண்டையின் கட்டையைச் செதுக்கி ஷாஃப்ட்டு தலைக்குச் சக்கரம் வைத்தான். முந்நூற்று நாற்பது குறுக்குக் கட்டைகளை ஒரே அளவில் அறுத்து ஒட்டி, அதன்மேல் மெல்லிய பித்தளைத் தண்டவாளத்தைக் குண்டூசி ஆணியால் அறைந்தான். துரையின் கிழிந்த குடையைப் பிரித்து அதன் கம்பிகளையே தண்டவாளத்தின் ஓரத்தில் கம்பங்களாக நட்டான். மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பும் என்று ராத்திரி வீட்டுக்குப் போகும்முன் மேஜையைச் சாக்கால் மூடிவிட்டுத்தான் போவான்.

காத்தவராயன் இந்த நாளெல்லாம் மூலையில் உட்கார்ந்து, சீமையிலிருந்து பெட்டியில் வந்த சின்ன மோட்டாரைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தான். பிறகு ஒருநாள் எழுந்து வந்து குடைக்கம்பிகளின் மேல் செப்புக்கம்பியை இழுத்துக் கட்டினான். மேஜைக்கு அடியில் கண்ணாடி ஜாடிகளில் பாட்டரி வைத்தான். தண்டவாளத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சம்பங்கி கையை நீட்டினான்.

"தண்டவாளத்துல கை வெக்காத ணா."

"ஏன், அத்த அறைஞ்சவனே நான்தான?"

"அதுக்கில்ல ணா. கரெண்டு பாட்டரிலேர்ந்து மேல் கம்பிக்கி வருது. கோலு வழியா வண்டில எறங்கி மோட்டார சுத்துது. அப்பறம் சக்கரம் வழியா தண்டவாளத்துக்கு வந்து திரும்பிப் போவுது. நடுவுல எண்ணெ கிண்ணெ பட்டாக்கூட நின்னுப்பூடும். ஒயர் வேல உனக்குப் புரியாது ணா, வுடு."

காத்தவராயன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சம்பங்கிக்குக் கடைசி நாலு வார்த்தை மட்டும் நெஞ்சில் தைத்து நின்றது. முன்னால் சொன்ன காரணமெல்லாம் காதோடு போயிற்று.

வண்டி முதல் தரம் ஓடிய நாளில் பட்டறையே வேலையைப் போட்டுவிட்டு மேஜையைச் சுற்றி நின்றது. கைக்கடக்கமான வண்டி, பின்னால் மூன்று ட்ரக்கு. கம்பியில் கோல் உரசும் இடத்தில் நீலமாகப் பொறி தெறித்தது. மலையைக் குடைந்து மறுபக்கம் வந்தது, பாலத்தில் ஏறியது, மில்லுக்கு முன்னால் நின்றது. கொல்லர்கள், ஃபிட்டர்கள், கூலிகள் எல்லோரும் காத்தவராயன் முதுகில் தட்டினார்கள். எட்டு வாரம் செதுக்கிய மலையை ஒருவன் பார்க்கவில்லை. ஒருவன் பாலத்தின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு வண்டியைப் பார்த்தான். அந்த முழங்கையை வாய்ச்சியால் வெட்ட வேண்டும் போல் இருந்தது சம்பங்கிக்கு.

துரை அன்றே தன் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றைக் காத்தவராயனுக்குக் கொடுத்தார். முழங்கையில் தோல் வைத்துத் தைத்த சாம்பல் நிறக் கோட்டு. அவன் உடம்புக்கு இரண்டு சுற்றுப் பெரியது. கையை மடித்துவிட்டுக்கொண்டு அதைப் போட்டபடியே லைனுக்கு வந்தான். சம்பங்கிக்கு அது அளவாக இருந்திருக்கும்; அது வேறு எரிச்சல்.

"அவன் வண்டி எட்டு தரம் போயி வந்துச்சாமே" என்றாள் கங்கம்மா, களியை உருட்டித் தட்டில் வைத்தபடி.

"அவன் வண்டியா?"

"பின்ன ஆர் வண்டி?"

"மல ஆரு செஞ்சது? பாலம் ஆரு செஞ்சது? அவன் வண்டி எதும்மேல ஓடுது, ஆகாசத்துலயா?"

"நீதான் செஞ்ச, நான் இல்லன்னா சொன்னேன்? ஜனங்க ஓடறத்ததான் பாப்பாங்க. நிக்கறத்த நின்னு பாக்க ஆருக்கு நேரம் கீது?"

"தண்டவாளத்துல கை வெக்காதன்றான் எங்கிட்ட. எண்ணெ பட்டுடுமாம். எங்கையி அழுக்காம்மே அவனுக்கு."

"மெதுவா பேசு. தட்டிக்கி அந்தாண்ட கேக்கும்."

அந்தாண்டை பார்வதம்மா கோட்டைப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு நிற்கும்வரை சம்பங்கி களியில் கை வைக்கவில்லை.

ஆயுத பூசை வந்தது. மறுநாள் விஜயதசமிக்குப் பெரிய துரைகள் வருவதாகத் தாக்கீது. தங்கவயலில் ஆயுத பூசைக்கு மில்லில் கல் இடிக்கும் ஸ்டாம்பு மட்டும்தான் நிற்காது. மற்ற மிஷின்களுக்கெல்லாம் பூசை உண்டு. பூசை போடாத மிஷின் ரத்தம் கேட்கும் என்பார்கள். லேத்துக்குச் சந்தனம், உலைக்குக் கற்பூரம், கூண்டு இறக்கும் இரும்பு வடத்துக்குப் பூசணிக்காய். அவனவன் ஆயுதத்துக்கு அவனவன் பொட்டு வைப்பது வழக்கம். காலையிலேயே மழை. பேத்தமங்களா ரோட்டில் ஒரு கம்பம் சாய்ந்துவிட்டதென்று காத்தவராயனைக் கூப்பிட்டார்கள். கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தட்டி வாசலில் வந்து நின்றான்.

"நான் வர சாயந்திரம் ஆவும் ணா. வண்டிக்கி நீயே பூச போட்டுடு."

சம்பங்கி கங்கம்மாவை ஒரு கிண்ணம் மஞ்சள் அரைக்கச் சொன்னான். "இம்மாம் மஞ்சா எதுக்குயா, கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் அரைத்துக் கொடுத்தாள்.

பட்டறையில் வண்டியும் அவனும் தனியாக இருந்தது அன்றைக்குத்தான். வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்று கோடு விபூதி, ஒரு குங்குமப் பொட்டு. மலைக்கு ஒரு பொட்டு, பாலத்துக்கு ஒரு பொட்டு. செப்புக்கம்பியில் மல்லிகைச் சரம். அப்புறம் தண்டவாளத்தைப் பார்த்தான். தான் அறைந்த தண்டவாளம், தானே தொடக்கூடாத தண்டவாளம். வாசல்படிக்கு மஞ்சள் பூசுவது போல் அதற்குப் பூச வேண்டும் என்று தோன்றியது. அரைத்த மஞ்சள் திப்பியாக நின்றது. தச்சன் கை சும்மா இருக்குமா? நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துத் துணியில் தொட்டு, மரத்துக்கு மெருகு போடுகிற பக்குவத்தில் இழுத்தான். காய விட்டு இரண்டாம் தரமும் இழுத்தான். பன்னிரண்டு அடி போய், பன்னிரண்டு அடி திரும்பி, ஓர் இடம் விடாமல் பூசினான். கற்பூரம் காட்டும்போது அவன் மனசு நிறைந்திருந்தது. அது பக்தியா, தொட்டுவிட்டோம் என்ற திருப்தியா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை பூவை எடுத்துவிட்டுக் காய்ந்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்தும் விட்டான். பித்தளையும் மஞ்சள், பூசியதும் மஞ்சள். தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பெரிய துரைகள் நாலு பேர் பத்து மணிக்கு வந்தார்கள். பட்டறை துரை கைத்தடியை நீட்டி நீட்டி விளக்கினார். காத்தவராயன் கோட்டோடு நின்று ஸ்விட்சைத் தட்டினான். வண்டி ஒரு தரம் சிலிர்த்தது, அப்படியே நின்றது. மறுபடி தட்டினான். அசையவில்லை. கம்பியைத் தொட்டுப் பார்த்தான், கோலை நிமிர்த்தினான், மேஜைக்கு அடியில் புகுந்து ஜாடிகளைப் பார்த்தான். பெரிய துரை ஒருவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

சம்பங்கிக்கு உள்ளுக்குள் தித்தித்தது. அதை மறைக்க முகத்தைக் கீழே போட்டுக்கொண்டான். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சந்தோஷம் வந்து.

பட்டறை துரையின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. சுந்தரராஜ் மெல்லிய குரலில் சொன்னார். "பங்களாவுல சாப்ட்டுட்டு மூணு மணிக்கி திரும்பி வராங்க. அதுக்குள்ள ஓடலைன்னா காத்தவராயா, நீ நாளைக்கி ட்ரக்கு தள்ளப் போ, அப்பிடின்றாரு."

மதியம் கங்கம்மா பட்டறை கேட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தூறலுக்குக் கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாயா, மொகத்துல இம்மாம் வெளிச்சம்?"

"வண்டி நின்னுப்போச்சி."

"எந்த வண்டி?"

"அவன் வண்டி" என்றான் சம்பங்கி. இத்தனை நாளில் அப்படிச் சொன்னது அன்றுதான் முதல் தரம்.

கங்கம்மா சட்டியைத் திறக்கவில்லை. சம்பங்கியின் கையையே பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"நேத்து அரைச்சி வாங்கிக்கினு போனியே, அம்மாம் மஞ்சாவும் எங்க பூசன?"

"தண்டவாளத்துக்கு."

"தண்ணி ஊத்தியா கலந்த?"

"எண்ணெ."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"எண்ணெ படக்கூடாதுன்னு சொன்னானே. நீதான வூட்ல வந்து குதிச்ச?"

"மறந்துட்டேன்மே."

"மறந்தியா?"

"சாமி மேல ஆணையா மறந்துட்டேன். சாமிக்கின்னுதான் பூசனேன்."

"சரி, பூசனது சாமிக்கி. நின்னுப்போச்சின்னு சிரிச்சிக்கினு வந்தியே, அது ஆருக்கு?"

கங்கம்மா சாப்பாட்டை அவன் கையில் வைத்துவிட்டு லைனுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு உருண்டை புளியும் கிழிசல் துணியும் கொண்டுவந்தாள்.

"பித்தள சொம்ப தேக்கற மாதிரி தேச்சிடு. இப்பவே போ. ஆருக்கும் தெரிய வேணாம். அவன் ட்ரக்கு தள்ளப் போனா எந்தங்கச்சி மூஞ்சில நான் எப்பிடியா முழிப்பேன்?"

"போறேன்" என்று புளியை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

காத்தவராயன் மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பரப்பியிருந்தான். சாப்பிடவில்லை. ஒரே திருகாணியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் கீது ணா. ஏன் நிக்குதுன்னு தெரியல. உனக்கு எதுனா தோணுதா?"

மடியில் புளி கனத்தது. இப்போது எடுத்தால் வண்டி ஓடும். மூன்று மணிக்குப் பெரிய துரைகள் கை தட்டுவார்கள், இவன் முதுகில்தான் தட்டுவார்கள், கல் வீடும் இவனுக்கே. மூன்று மணிக்கு எடுத்தால்? எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எடுத்தால்?

"ஒயர் வேல எனக்கு இன்னா தெரியும்?" என்றான் சம்பங்கி.

காத்தவராயன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். சம்பங்கி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சகலை பிரிப்பதையும் பூட்டுவதையும் பார்த்தபடியே மூன்று மணி வரை காத்திருந்தான்.

துரைகள் வந்தார்கள். காத்தவராயன் ஸ்விட்சைத் தட்டினான். வண்டி நகரவில்லை. பட்டறை துரை வாயைத் திறப்பதற்குள் சம்பங்கி முன்னால் வந்து கும்பிட்டான். மடியை அவிழ்த்துப் புளியை எடுத்தான். துணியை நனைத்துத் தண்டவாளத்தை ஒரு முனையிலிருந்து தேய்க்கத் தொடங்கினான். பாதி மேஜை வந்ததும் காத்தவராயனுக்குச் சட்டென்று புரிந்தது. பாய்ந்து வந்து மறு முனையிலிருந்து தன் பங்குக்குத் தேய்த்தான். துணி தேட நேரமில்லை. புளியில் பாதியைப் பிய்த்து, கோட்டுக் கையாலேயே தேய்த்தான். இருவரும் பாலத்துக்குப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

ஈரத்தைத் துடைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டியதும் வண்டி ஓடியது. பொறி பறக்க மலைக்குள் போனது, வந்தது, பாலமேறி மில்லுக்கு முன்னால் நின்றது. பெரிய துரைகள் கை தட்டினார்கள். ஒருவர் குனிந்து மலையைப் பார்த்தார். தட்டி வீட்டைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார். சம்பங்கி கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அதுதான்.

"எங்க தப்பு இருந்துச்சின்னு கேக்கறாரு" என்றார் சுந்தரராஜ்.

"தண்டவாளத்துல அழுக்கு" என்றான் சம்பங்கி, ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த பதிலை.

சுந்தரராஜ் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மஞ்சா வாசன இல்ல அடிக்குது? தண்டவாளத்துல மஞ்சா எப்பிடி வந்துச்சி?"

காத்தவராயன் தன் கோட்டுக் கையைப் பார்த்தான். பிறகு சம்பங்கியின் நகத்தைப் பார்த்தான். பார்வை நகத்திலிருந்து மேலே ஏறி, சம்பங்கியின் கண்ணில் வந்து ஒரு நிமிஷம் நின்றது. மடியில் புளி எப்போதிருந்து இருந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"நான்தான் அண்ணன பூச போடச் சொன்னேன்" என்றான் காத்தவராயன். "மஞ்சா பூசுவாங்கன்னு எனக்குத் தெரியும். காலைல தேச்சிக் கழுவச் சொல்லியிருக்கணும். ஒயர்காரன் நான், எந்தப்புதான். அண்ணன் கண்டுபுடிக்கலன்னா நான் போயிருப்பேன்."

சுந்தரராஜ் சொல்லச் சொல்லத் துரைகள் சிரித்தார்கள். ஒயர்காரன் கண்ணுக்குத் தப்பியதைப் பார்த்தவன்தான் மேஸ்திரிக்குத் தகுதி என்று பட்டறை துரை அங்கேயே சொல்லிவிட்டார். சம்பங்கி கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்கவே இல்லை. இறக்கினால் நகம் தெரியும்.

பொழுது சாய லைனில் பொரிகடலை மணம். கங்கம்மா அடுப்படியில் இருந்தாள். அவளுக்குச் செய்தி முன்பே வந்துவிட்டது. கல் வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பங்கி தட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அந்தாண்டை பார்வதம்மாவின் குரல் கேட்டது. "கோட்டு கைல இன்னா இது, மஞ்சா கற?"

சம்பங்கி தட்டியில் காதை வைத்தான். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கங்கம்மா ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"பூச மஞ்சா. பட்டறைல பட்டுது."

"தொவச்சா போவுமா?"

"போவாட்டி இருந்துட்டுப் போவுது. அண்ணனுக்கு மேஸ்திரி வேல ஆயிட்ச்சி, தெரியுமா? இன்னிக்கி அண்ணன் இல்லன்னா நான் திரும்ப ட்ரக்குதான். பொரி ஒரு கிண்ணத்துல போடு, குடுத்துட்டு வரேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாத்திரச் சத்தம், பிறகு பார்வதம்மா எதற்கோ சிரித்தாள்.

"பொண்டாட்டிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்மே" என்றான் சம்பங்கி. "வூட்டுக்குள்ள, ஆருக்கும் கேக்காமயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லலயே. நல்லதுதான?"

"அவனால எப்பிடிமே சொல்லாம இருக்க முடியுது?"

கங்கம்மா திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"அதுக்குமா பொறாம?"

வாசலில் காத்தவராயனின் காலடி கேட்டது. "ணா, வூட்ல கீறியா?" என்று கூப்பிட்டான். சம்பங்கி எழுந்திருக்கவில்லை.

"ஆமாம்மே" என்றான், கங்கம்மாவிடம்.